தோட்டாவில் ஒரு முத்திரை

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் பேசியது. மேடையில் பேசியதைச் சற்றே ஒழுங்குபடுத்தி மலருக்காக எழுதித் தந்திருக்கிறேன்.)



சங்கச் செயலாளர் அண்ணன் போன வாரம் போன் செய்தார். "தம்பி, நீ ஏதாவது டெக்னிக்கலா பேசணும். ஆனா பசங்க தூங்கிடக் கூடாது" என்றார். இரண்டையும் ஒருசேரச் செய்வது சிரமம் என்று அவருக்கும் தெரியும். இதே அரங்கத்தில் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் நானும் தூங்கியிருக்கிறேன். அதனால் துப்பாக்கியைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். துப்பாக்கி என்றால் யாரும் தூங்க மாட்டார்கள் அல்லவா?

நான் சுடத் தெரிந்தவன் அல்ல. மெக்கானிக்கல் படித்தவன். உலோகத்தின் மேல் லேசரால் எழுத்துப் பதிப்பது என் பிழைப்பு. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வாகன உதிரி பாகங்களுக்கு அடையாளக் குறி போடும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த வேலைதான் என்னைத் துப்பாக்கிச் சட்டங்களைப் படிக்க வைத்தது. எப்படி என்று சொல்கிறேன்.

பெரியப்பாவின் துப்பாக்கி

எங்கள் ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் பெரியப்பாவிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்காமல் இருக்க வாங்கியது. அதை அவர் பன்றிக்காகத் தூக்கியதைவிட, தேர்தலுக்காகத் தூக்கியதுதான் அதிகம். தேர்தல் அறிவிப்பு வந்தவுடனே உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வரும். பெரியப்பா அதைக் கோணிப்பையில் சுற்றி, சைக்கிளில் கட்டி எடுத்துப் போவார். நான் பின்னால் உட்கார்ந்து போவேன்.

ஸ்டேஷனில் ஏட்டு துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது அதன் எண்ணைத்தான். உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணும் இரும்பில் வெட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படிப்பார். பெரியப்பாவும் கூடவே சொல்லுவார். தேர்தல் முடிந்து திரும்ப வாங்கும்போதும் அதே கதை. "எண்ணு சரியா இருந்தா நம்ம துப்பாக்கி. இல்லன்னா எவன் துப்பாக்கியோ" என்பார் பெரியப்பா. சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகுதான் அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது என்று தெரிந்தது.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 8-வது பிரிவு. துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ யாரும் அழிக்கக் கூடாது, மாற்றக் கூடாது. அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்கவும் கூடாது. அழிந்த எண்ணோடு ஒரு துப்பாக்கி உங்களிடம் இருந்தால், நீங்கள்தான் அழித்தீர்கள் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 2019-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். முறையான குறி இல்லாத துப்பாக்கியை வாங்கி விற்பதைச் சட்டவிரோதக் கடத்தல் என்ற வரையறைக்குள் கொண்டுவந்து தண்டனையையும் கூட்டினார்கள்.

ஆக, துப்பாக்கியில் எண் இருக்கிறது. ஆனால் குற்றம் செய்தவன் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போவதில்லை. அவன் விட்டுவிட்டுப் போவது காலித் தோட்டாக் கூட்டைத்தான். அந்தப் பித்தளைக் கூட்டில் துப்பாக்கியின் எண் இருந்தால் எப்படி இருக்கும்? ஒரு என்ஜினியரின் மூளையில் உதித்த இந்தக் கேள்விதான் அமெரிக்காவில் சட்டமாக வந்தது.

ஊசி முனையில் எழுத்து

முதலில் தோட்டா எப்படி வெடிக்கிறது என்று பார்ப்போம். ஒரு தோட்டாவில் நாலு சங்கதி. முன்னால் பறந்து போகும் குண்டு. அதைப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு. கூட்டுக்குள் வெடிமருந்து. கூட்டின் அடியில் நடுவிலே பொட்டு வைத்த மாதிரி ஒரு சின்னக் கிண்ணம், அதற்குப் பிரைமர் என்று பெயர். விசையை இழுத்தால் ஒரு சிறு ஊசி பாய்ந்து இந்தப் பொட்டைக் குத்தும். பிரைமர் பொறி தட்டும், மருந்து எரியும், குண்டு பறக்கும். தானியங்கிக் கைத்துப்பாக்கியாக இருந்தால் காலிக் கூடு பக்கவாட்டில் தெறித்து விழும்.

அந்த ஊசியின் முனையில் கண்ணுக்குத் தெரியாத அளவில், கண்ணாடியில் பார்த்தாற்போல் திருப்பி, எழுத்துகளை லேசரால் செதுக்கிவிட்டால்? ஊசி குத்தும்போதே முத்திரையும் விழுந்துவிடும். நம் தாலுகா ஆபீஸில் ரப்பர் ஸ்டாம்பு குத்துவது போலத்தான். தரையில் கிடக்கும் கூட்டை நுண்ணோக்கியில் வைத்தால் எந்தத் தயாரிப்பு, என்ன மாடல், என்ன எண் என்று படித்துவிடலாம். அந்த எண்ணுடைய துப்பாக்கியை எந்தக் கடைக்காரர் யாருக்கு விற்றார் என்று ஏட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். இதற்கு மைக்ரோஸ்டாம்பிங் என்று பெயர். நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த டாட் லிசோட் என்ற லேசர் என்ஜினியர் 1990-களில் உருவாக்கிய முறை.

இதற்கு முந்தைய முறை என்ன? ஒவ்வொரு துப்பாக்கியும் குண்டின் மேலும் கூட்டின் மேலும் தானாகவே சில கீறல்களை விடும். கைரேகை மாதிரி. சந்தேகப்படும் துப்பாக்கியால் சோதனைக்காகச் சுட்டுப் பார்த்து, இரண்டு கூடுகளையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கலுவா வழக்கு இதற்கு நல்ல உதாரணம். உத்தரப்பிரதேசத்தில் ஒரு கொலை. இறந்தவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கூடு கிடந்தது. குற்றம் சாட்டப்பட்டவரிடமிருந்து ஒரு நாட்டுக் கைத்துப்பாக்கி கைப்பற்றப்பட்டது. நிபுணர் ஒப்பிட்டுப் பார்த்து, இந்தக் கூடு இந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டதுதான் என்றார். நீதிமன்றம் அதை ஏற்றது.

ஆனால் இந்த முறையில் துப்பாக்கி கையில் கிடைத்தால்தான் ஒப்பிட முடியும். கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு துப்பாக்கியைத் தேட முடியாது. மைக்ரோஸ்டாம்பிங் அந்தக் குறையைத்தான் தீர்க்கப் பார்க்கிறது.

நம் மாவட்டத்து வழக்கு ஒன்று

பெரியவர்களுக்கு இந்நேரம் ஒரு வழக்கு ஞாபகம் வந்திருக்கும். 1967 ஜனவரி 12. ராமாபுரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்ட வழக்கு. இரண்டு பேர் உடம்பிலும் குண்டுக் காயம். விசாரணை நடந்தது செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில். அன்றைக்கு நம் உத்திரமேரூரும் செங்கல்பட்டு மாவட்டம்தான். "கோர்ட்டு வாசல்ல திருவிழாக் கூட்டம்" என்று என் தாத்தா சொல்லுவார். ராதாவுக்கு ஏழாண்டு தண்டனை கிடைத்தது, பிறகு உச்ச நீதிமன்றம் அதைக் குறைத்தது. யார் சுட்டார், எந்தக் குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்பதெல்லாம் அந்த வழக்கில் தடயவியல் கேள்விகளாயின. தமிழ்நாட்டில் சாதாரண மக்கள் டீக்கடையில் உட்கார்ந்து தடயவியல் பேசியது அந்த வழக்கில்தான் இருக்கும்.

இந்த வழக்கை நான் இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதில் பேசப்பட்டது ரிவால்வர். ரிவால்வர் காலிக் கூட்டை வெளியே தள்ளாது. கூடு சுழல் அறைக்குள்ளேயே இருக்கும். முத்திரை குத்தும் ஊசி இருந்தாலும் சம்பவ இடத்தில் எதுவும் விழாது. அதனால்தான் அமெரிக்கச் சட்டங்கள் எல்லாம் கூட்டை வெளியே தள்ளும் தானியங்கிக் கைத்துப்பாக்கியை மட்டும் குறிவைக்கின்றன.

கலிபோர்னியாவின் கதை

இனி அந்தச் சட்டத்தின் கதை. 2007 அக்டோபரில் கலிபோர்னியாவின் கவர்னராக இருந்த நடிகர் அர்னால்டு ஷ்வார்ஸ்நேகர் இதில் கையெழுத்துப் போட்டார். சினிமாவில் எத்தனை தோட்டா சுட்டாரோ, அத்தனைக்கும் பரிகாரம் போல! மாநிலத்தில் விற்க அனுமதிக்கும் புதிய மாடல் தானியங்கிக் கைத்துப்பாக்கிகள் கூட்டின் மேல் இரண்டு இடத்தில் முத்திரை பதிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒரு நிபந்தனை. இந்தத் தொழில்நுட்பம் பேடன்ட் தடையில்லாமல் எல்லோருக்கும் கிடைக்கிறது என்று அரசு சான்று சொன்ன பிறகே அமலுக்கு வரும்.

இங்கேதான் வேடிக்கை. சட்டத்தை எதிர்த்த ஓர் அமைப்பு, பேடன்ட் காலாவதியாகிவிடாமல் இருக்க அதற்கான கட்டணத்தைத் தானே கட்டியது. பேடன்ட் உயிரோடு இருக்கும்வரை சட்டம் தூங்கும் என்ற கணக்கு. வக்கீல் ஃபீஸைவிட அது மலிவு! கடைசியில் 2013 மே மாதம்தான் சான்று வந்தது. அந்தச் சான்றை வழங்கிய அட்டர்னி ஜெனரல் கமலா ஹாரிஸ். மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரம்தான் அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர்.

சட்டம் அமலுக்கு வந்ததும் என்ன நடந்தது? ஒரு கம்பெனிகூட முத்திரை ஊசியோடு புதிய மாடலைக் கொண்டுவரவில்லை. சட்டத்துக்கு உட்பட முடியாது என்று பெரிய கம்பெனிகள் 2014-ல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டன. பழைய மாடல்கள் மட்டும் விற்பனையில் தொடர்ந்தன. தயாரிப்பாளர்கள் சங்கம் வழக்குப் போட்டது. "செய்ய முடியாததைச் செய்யச் சொல்கிறது சட்டம்" என்பது அவர்கள் வாதம். 2018 ஜூன் மாதம் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், அந்தக் காரணத்துக்காக மட்டும் ஒரு சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று ஆக்க முடியாது என்றது. 2020-ல் சட்டத்தைத் திருத்தி, இரண்டு இடத்தில் பதிக்கத் தேவையில்லை, ஒரே இடம் போதும் என்றார்கள். 2023 மார்ச்சில் ஒரு மத்திய நீதிமன்றம் பழைய முத்திரை நிபந்தனைக்கு இடைக்காலத் தடை போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் புதிய சட்டம் வந்தது. இந்த முறை பாரத்தைத் தயாரிப்பாளரிடமிருந்து கடைக்காரரிடம் மாற்றினார்கள். தொழில்நுட்பம் நடைமுறைக்கு ஏற்றதா என்பதை மாநில நீதித்துறை ஆராய வேண்டும், அந்தப் படிகள் தாண்டினால் 2028 ஜனவரி முதல் முத்திரை பதிக்காத தானியங்கிக் கைத்துப்பாக்கியை உரிமம் பெற்ற கடைக்காரர் விற்கக் கூடாது என்பது அதன் சாரம். நியூயார்க்கும் நியூஜெர்சியும் 2022-ல் இதே திசையில் சட்டம் செய்தன.

இதே காலத்தில் மேரிலாண்ட் மாநிலம் வேறொரு வழியில் போய் அடிபட்டது. 2000-ல் அங்கே ஒரு சட்டம். விற்கும் ஒவ்வொரு புதுக் கைத்துப்பாக்கியோடும் அதில் சுட்ட காலிக் கூடு ஒன்றை அரசிடம் கொடுக்க வேண்டும். அரசு அதைப் படமெடுத்துச் சேமிக்கும். பதினைந்து ஆண்டில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான கூடுகள் உறையில் போட்டு அடுக்கப்பட்டன. சுமார் ஐம்பது லட்சம் டாலர் செலவு. உருப்படியான பலன் இல்லை என்று 2015-ல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். இயற்கையான கீறல்களை லட்சக்கணக்கில் ஒப்பிடும்போது கணினி திணறிப்போயிற்று. தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2008-ல் வெளியிட்ட அறிக்கையும் இப்படி நாடு முழுக்கக் கூடுகளைச் சேர்ப்பது பயன் தராது என்றுதான் சொன்னது. முத்திரை முறை நம்பிக்கை தருகிறது, ஆனால் இன்னும் ஆய்வு வேண்டும் என்றும் சொன்னது.

இரண்டு பக்க நியாயம்

ஆதரிப்பவர்கள் சொல்வது இது. துப்பாக்கியே கிடைக்காத வழக்கில் முதல் நூல் கிடைக்கும். யாரோ ஒருவர் கடையில் வாங்கி வேறொருவருக்குக் கள்ளத்தனமாகக் கைமாற்றினால், அந்தச் சங்கிலி தெரியவரும். வாங்கிக் கொடுப்பவனுக்குப் பயம் வரும்.

எதிர்ப்பவர்கள் சொல்வதும் கேட்க வேண்டியதே. ஊசியை ஒரு அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் எழுத்து போய்விடும். ஊசியையே மாற்றிவிடலாம். திருட்டுத் துப்பாக்கியாக இருந்தால் முத்திரை திருட்டுக் கொடுத்தவர் வீட்டுக்குத்தான் வழிகாட்டும். துப்பாக்கி சுடும் பயிற்சிக் களத்தில் சிதறிக் கிடக்கும் யாருடைய கூட்டையோ பொறுக்கிக் கொண்டுவந்து கொலை நடந்த இடத்தில் போட்டுவிட்டால் என்ன செய்வீர்கள்?

நான் இந்த இரண்டு வாதங்களையும் படித்தபோது, முதலில் ஆதரிப்பவர்கள் பக்கமே சாய்ந்தேன். என்ஜினியர் இல்லையா? குறி போடுவதுதானே என் தொழில். தங்கத்தைப் பாருங்கள். 2021-ல் ஹால்மார்க் கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் முதல் ஆறு எழுத்தும் எண்ணும் கொண்ட தனி அடையாளக் குறியீடு இல்லாமல் கடைக்காரர் நகை விற்க முடியாது. நம் அம்மாக்கள் இன்றைக்கு நகைக்கடையில் லென்ஸ் வாங்கிப் பார்க்கிறார்கள். அதுபோல ஏன் துப்பாக்கிக்கு வரக் கூடாது என்று நினைத்தேன். பிறகு என் வேலையிலேயே ஒரு சம்பவம் நடந்தது. இதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. நம் கல்லூரி என்பதால் சொல்கிறேன்.

நான் போட்ட கையெழுத்து

எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு பீஸின் மேலும் லேசர் மார்க்கிங் உண்டு. சதுரமாகப் புள்ளி புள்ளியாக இருக்குமே, அந்தக் குறியீடு. அதில் தேதி, நேரம், மிஷின் எண், வரிசை எண் எல்லாம் அடங்கும். ஒருமுறை வாடிக்கையாளரிடமிருந்து ஒரு பெட்டி பீஸ்கள் திரும்பி வந்தன. துளையின் அளவு தவறு. ஸ்கேன் செய்தோம். எல்லாமே நாலாம் நம்பர் மிஷின், விடியற்காலை இரண்டரையிலிருந்து நாலு மணிக்குள் செய்தவை. அப்படியென்றால் இரவு ஷிஃப்ட். அன்றிரவு அந்த மிஷினில் நின்றவர் மானாம்பதி பக்கத்துப் பையன். டிப்ளமா முடித்து ஒப்பந்த அடிப்படையில் வந்தவர். தூங்கியிருப்பார், டூல் உடைந்ததைக் கவனிக்காமல் ஓட்டியிருப்பார் என்று அறிக்கை எழுதினோம். எழுதியது நான். கையெழுத்துப் போட்டதும் நான்தான். அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வேறொரு காரியமாக அன்றைய உற்பத்திக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஆறு மணிக்குள் அந்த மிஷின் செய்ததாகக் காட்டிய பீஸ்கள், அந்த மிஷினால் அந்த நேரத்தில் செய்யக்கூடியதைப்போல் இரண்டு மடங்கு. அது எப்படி முடியும்? தோண்டிப் பார்த்தேன். மறுநாள் மதியம் கரண்ட் போய் வந்திருக்கிறது. மார்க்கிங் மிஷினின் கடிகாரம் அழிந்துவிட்டது. யாரோ அதைக் கையால் சரிசெய்தபோது பகல் இரண்டு மணிக்குப் பதில் இரவு இரண்டு மணி என்று வைத்துவிட்டார்கள். ஏ.எம்., பி.எம். குழப்பம். அவ்வளவுதான். பகல் ஷிஃப்டில் மூன்று மணிக்குச் செய்த பீஸெல்லாம் விடியற்காலை மூன்று மணி என்று முத்திரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. டூல் உடைந்தது பகலில். அது பகல் ஷிஃப்டின் கைநோட்டில் பேனாவால் எழுதியே இருந்தது. அந்த நோட்டை நான் பார்க்கவில்லை. லேசர் குறி இருக்கும்போது கைநோட்டு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மா யாரோ பெரிய ஆபீசர் வந்திருக்கிறார் என்று நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார்கள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே சார். அன்னிக்கி ராத்திரி டூல் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். ஆனாலும் அந்த வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பிறகு வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் இடையில் போன ஐந்து மாதச் சம்பளத்தை யார் கொடுப்பது?

இதில் லேசர் ஒரு தவறும் செய்யவில்லை, தம்பிகளே. அதற்குக் கொடுத்த எண்ணை அது அழகாகவே எழுதியது. குறி எவ்வளவு தெளிவாக இருந்ததோ, அவ்வளவு சுலபமாக நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். ஒரு பீஸுக்கே இந்தக் கதி என்றால், ஒரு கொலை வழக்கில் என்ன ஆகும்? தோட்டாக் கூட்டில் உள்ள எண் சொல்வது "இந்தத் துப்பாக்கி" என்பதை மட்டும்தான். யார் கையில் இருந்தது என்று அது சொல்லாது. அந்தக் கூடு அங்கே எப்படி வந்தது என்றும் சொல்லாது. துப்பாக்கி விற்ற அன்று கடைக்காரர் ஏட்டில் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதியிருந்தால், யாரோ ஒரு அப்பாவியின் கதவைத்தான் போலீஸ் தட்டும்.

நம் நாட்டுக்கு என்ன?

நம் நாட்டில் தோட்டாவில் முத்திரை பதிக்கும் துப்பாக்கி வேண்டும் என்று சட்டம் இல்லை. வர வேண்டுமா? என் கருத்தைச் சொல்கிறேன், நீங்கள் மறுக்கலாம்.

அமெரிக்காவில் கடையில் துப்பாக்கி வாங்குவது சுலபம். அதனால் கடைக்காரர் மேல் சட்டம் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. இங்கே உரிமம் வாங்குவதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும். குற்றங்களில் பிடிபடுவது பெரும்பாலும் உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள். பட்டறையில் குழாயை வெட்டிச் செய்தது. அதில் எண்ணும் கிடையாது, கம்பெனியும் கிடையாது. சில நாட்டுத் துப்பாக்கிகளில் மருந்தையும் ரவையையும் முன்பக்கமாகக் கம்பியால் இடித்துத்தான் நிரப்புவார்கள். கூடு என்ற பேச்சே இல்லை. நம் பக்கத்து வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி ஊர்க்காரர்கள் முறையிட்டு 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் கவுல் வாங்கினார்களே, அவர்கள் காலத்துத் துப்பாக்கியும் இப்படி முன்பக்கம் நிரப்பியதுதான். ஆக, முத்திரைச் சட்டம் இங்கே வந்தால் அது பெரியப்பா மாதிரி ஆட்களின் துப்பாக்கியைத்தான் பிடிக்கும். பட்டறைத் துப்பாக்கியைத் தொடாது.

நமக்கு முதலில் வேண்டியது வேறு. 1849-லேயே சென்னையில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் வந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். அந்தப் பாரம்பரியம் நம்முடையது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை ஐந்து ஆண்டுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். இதற்கு எத்தனை ஆட்கள் வேண்டும், எத்தனை ஆய்வுக்கூடம் வேண்டும், யோசித்துப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு அங்கே வேலை இருக்கிறது. ஐ.டி. கம்பெனி மட்டும்தான் வேலை என்று யார் சொன்னது?

ஒருநாள் இங்கேயும் முத்திரைச் சட்டம் வரலாம். வந்தால் அதில் நாலு விஷயம் இருக்க வேண்டும் என்பேன். விற்பவரும் கண்டுபிடித்தவரும் அல்லாத மூன்றாமவர் அதைச் சோதிக்க வேண்டும். எத்தனை முறை தவறியது என்ற கணக்கு வெளியே தெரிய வேண்டும். கூட்டை எடுத்த கையிலிருந்து கோர்ட் வரை யார் யார் கையில் அது இருந்தது என்று எழுத்தில் இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அந்தக் குறியைக் கேள்வி கேட்கும் உரிமையும், கேட்க ஒரு நிபுணரும் இருக்க வேண்டும். நான் அந்தத் தம்பிக்குக் கொடுக்காமல் விட்டது இந்த நாலாவதைத்தான்.

விரித்த கை

முடிக்கும் முன் நம் ஊரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பராந்தக சோழன் காலம். குடவோலை முறை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன்னை மாற்றுப் பார்க்கப் பொன் வாரியம் என்று இருந்தன. அது எல்லோருக்குமான வாக்குரிமை இல்லை. நிலமும் படிப்பும் உள்ள அந்தணர் சபைக்குள் நடந்த தேர்வு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு என்ஜினியராக அதில் என்னைக் கவர்வது வேறு.

919-ல் முதல் கல்வெட்டில் விதிகளைப் பொறித்தார்கள். இரண்டே ஆண்டில், 921-ல், அதைத் திருத்தி இன்னும் விரிவாக மறுபடி பொறித்தார்கள். நடைமுறையில் குறை தெரிந்தபோது சட்டத்தைத் திருத்த வெட்கப்படவில்லை. அந்த இரண்டாவது கல்வெட்டில் ஓலை எடுக்கும் முறையைப் பாருங்கள். பெயர் எழுதிய ஓலைகள் இருக்கும் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் வாசித்த பிறகு அங்கே இருக்கும் மற்றவர்களும் வாசிக்க வேண்டும்.

ஐந்து விரலையும் ஏன் விரிக்கச் சொன்னார்கள்? கைக்குள் வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்றுதான். ஓலையில் பெயர் எழுதியிருக்கிறதே, அது போதாதா என்று அவர்கள் இருந்துவிடவில்லை. எழுத்தையும் நம்பினார்கள், எழுத்தை ஏந்தும் கையையும் சோதித்தார்கள். ஏட்டு துப்பாக்கி எண்ணை வாய்விட்டுப் படித்தபோது பெரியப்பாவும் கூடவே படித்தாரே, அதுவும் இதுதான்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் போகிற இடத்திலெல்லாம் குறியீடுகள்தான் இருக்கும். கோடு போட்ட குறி, புள்ளி வைத்த குறி, ஸ்கேன் செய்தால் பச்சை விளக்கு எரியும் மிஷின். அதன் மேல் உங்கள் கையெழுத்தைக் கேட்பார்கள். போடுங்கள், அது உங்கள் வேலை. போடுவதற்கு முன் அந்த மிஷினில் நின்றவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அன்றைய கைநோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அரைமணி நேரம்கூட ஆகாது.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் நேரம் இருந்தால் உத்திரமேரூர் வரை வந்து அந்தக் கல்வெட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள். வந்தால் எங்கள் வீட்டில் சாப்பாடு உண்டு. பெரியப்பா இப்போது இல்லை. அவர் துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்துவிட்டோம். எண் சரியாக இருந்தது.